எதிராளி பக்கத்து நியாயம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவளோடு சேர்ந்தாற்போலக் கொஞ்ச நேரம் இருந்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். டீ வேணுமா காப்பி வேணுமா என்று கேட்டால் "எது இருக்கோ அது" என்பாள். ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டால் "உனக்கு எப்படித் தோணுதோ அப்படி" என்பாள். நாங்கள் வேலை பார்த்த சலவைக்கூடத்தில் சக்கரம் கோணிப்போன தள்ளுவண்டி ஒன்று உண்டு. அது எப்போதும் அவள் கையில்தான் இருக்கும். வேற வண்டி எடேன் என்றால், "யாராவது ஒருத்தர் இதைத் தள்ளித்தானே ஆகணும்" என்று சொல்லிவிட்டு கிரீச் கிரீச்சென்று தள்ளிக்கொண்டு போவாள். வாயில்லாப் பூச்சி என்பார்களே, அதற்கு ஆள் தேடி அலைய வேண்டாம், எங்கள் கூடத்துக்கு வந்தால் போதும்.

சொந்த அக்கா இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே பாஷை, ஒரே வேலை, அவ்வளவுதான் உறவு. ஊரில் உள்ள ஓட்டல்களின் படுக்கை விரிப்பெல்லாம் எங்களிடம்தான் வரும். துவைத்து, சூடான உருளைகளுக்கு நடுவே இஸ்திரியாகி வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. விலகி நின்று உதறி, கிட்டே வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி விலக வேண்டும். நாள் முழுக்க ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு செய்கிற வேலை அது. சண்டைக்காரிகள் இரண்டு பேரை ஜோடி போட்டால் விரிப்பு கிழிந்துவிடும். எங்கள் ஜோடி கிழிக்கவில்லை. அந்தப் பெருமை அவளுக்குத்தான், எனக்கு இல்லை.

அவள் இந்த ஊருக்கு வந்தது தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக. வந்தவள் திரும்பவில்லை. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று யாராவது கேட்டால் "அமையல" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாள். குழந்தைக்கு நடை வந்த சமயத்தில் தங்கையின் புருஷன், அக்கா மரியாதையாக மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற மனிதர், வேறொரு ஊரில் நல்ல வேலை என்று கிளம்பினார். மாதத்துக்கு ஒருமுறை வந்தவர் பிறகு எப்போதாவது வந்தார், பிறகு போனில் மட்டும் வந்தார். தங்கை படுக்கையில் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. சாவுக்கு வந்த மாப்பிள்ளை, "குட்டி கொஞ்ச நாள் உங்ககிட்ட இருக்கட்டும் அண்ணி" என்றார். அக்கா சரி என்றாள். அந்தக் கொஞ்ச நாளில்தான் குட்டிக்குப் பால்பல் விழுந்து வேறு பல் முளைத்தது, எழுதப் படிக்க வந்தது, ஒன்பது வயதும் ஆனது.

தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். டாக்டர் ஊர் பாஷைக்காரர். அக்காவுக்கு அப்போது அந்தப் பாஷையில் விலை கேட்கத் தெரியும், வழி கேட்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். வலி எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் படுத்தால் குறைகிறது, முந்தின மாத்திரைக்குப் பிறகு எப்படி மூச்சு வாங்கினாள் என்று அக்கா விலாவாரியாகச் சொன்னாள். அந்த ஆள் டாக்டரிடம் ஒரே வாக்கியம் சொன்னார். டாக்டர் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். "நான் அவ்வளவு சொன்னேன், அவன் அதை ஒரு வரியா சுருக்கிட்டான்" என்று இத்தனை வருஷம் கழித்தும் சொல்வாள். அவள் ஒரு மனிதரை 'அவன்' என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு இடத்தில்தான். ஊர் பாஷை படிக்க வகுப்பில் சேர்ந்ததும் அதனால்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நானும் கூடவே சேர்ந்துகொண்டேன்.

வகுப்பு நூலகத்தின் பின்னறையில், வேலை முடிந்த பிறகு. இரண்டு வருஷத்தில் பெயர்ச்சொல், வினைச்சொல், கடிதம் எழுதுவது எல்லாம் தாண்டி மேல்வகுப்புக்கு வந்தோம். மேல்வகுப்பு டீச்சர் நாற்காலிகளையெல்லாம் வட்டமாகப் போடச் சொன்னாள். "இனிமே இலக்கணம் இல்ல. அபிப்பிராயம் சொல்லப் பழகப் போறோம்" என்றாள்.

ஒரு சுவரில் 'ஒத்துக்கிறேன்' என்று தாள் ஒட்டினாள், எதிர்ச்சுவரில் 'ஒத்துக்கல' என்று ஒட்டினாள். "பஸ்ல நாயை ஏத்தலாம். நீங்க என்ன நினைக்கிறீங்களோ அந்தச் சுவர்கிட்ட போய் நில்லுங்க." நாங்கள் எல்லாரும் நடு அறையில் மந்தையாக நின்றோம். லாரி ஓட்டுகிறவர் கையைத் தூக்கினார்.

"எது டீச்சர் சரியான பதில்?"

"சரியான பதில்னு ஒண்ணு கிடையாது. உங்க அபிப்பிராயம் எதுவோ அதுதான்."

"அது தெரியுது. பரீட்சையில எதுக்கு மார்க் போடுவீங்க?"

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒருவழியாக ஆளுக்கொரு சுவரைப் பிடித்தோம். அக்கா கடைசிவரை நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் எண்ணிப் பார்த்துவிட்டு, ஆள் குறைவாக இருந்த சுவருக்குப் போனாள். ஏன் அங்கே போனே என்று கேட்டதற்கு, "பாவம், அந்தப் பக்கம் ஆளே இல்லையே" என்றாள். நாய் பஸ்ஸில் ஏறலாமா கூடாதா என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை.

சில வாரம் அப்படிச் சுவருக்குச் சுவர் ஓடினோம். பிறகு ஒருநாள் லாரிக்காரருக்கும் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற ஒருவருக்கும் சண்டை முற்றியது. பெண்கள் ராத்திரி ஷிப்ட் பார்க்கலாமா கூடாதா என்பது விஷயம். ஊர் பாஷையில் தொடங்கியவர்கள் பாதியில் அவரவர் பாஷைக்கு மாறிவிட்டார்கள். நாற்காலி ஒன்று காலை இழந்தது. ராத்திரி ஷிப்டும் பார்க்கிற நாங்கள் இருவரும் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம், எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வாரம் டீச்சர் புது விதி கொண்டுவந்தாள். இனி இரண்டு நாற்காலி எதிரெதிராக. ஒருவர் தன் பக்கத்தைச் சொல்லி முடித்ததும் மற்றவர் உடனே பதில் சொல்லக் கூடாது. எதிராளி சொன்னதை முதலில் இவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுவும் எதிராளியைவிட நன்றாக. சொல்லிவிட்டு நிறுத்தி, கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று அவர் வாயால் வந்த பிறகுதான் இவர் தன் பக்கத்தைத் தொடங்கலாம். முந்திக்கொண்டால் டீச்சர் மேஜை மணியை அடிப்பாள், மறுபடி முதலிலிருந்து. எனக்கு அந்த மணி அடித்தபடியே இருந்தது. எனக்கு எதிராளி பேசும்போதே பதில் தொண்டையில் வந்து நின்றுவிடும்.

அக்கா வெளுத்து வாங்கினாள். வேறு எப்படிச் சொல்வது? வீட்டுப்பாடம் வேண்டும் வேண்டாம் என்ற விவாதத்தில் ரொட்டிக்கடைக்காரர் அவளுக்கு எதிர் நாற்காலி. வீட்டுப்பாடம் வேண்டாம், பிள்ளைகள் தூங்கட்டும் என்று அவர் இரண்டு வரி சொன்னார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு, தட்டுத்தடுமாறி, ஆனால் நிறுத்தாமல் சொன்னாள்.

"இவரு விடியறதுக்கு முன்னாடி வேலைக்குப் போயிடறாரு. சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் பிள்ளைங்க முகத்தைப் பாக்க முடியும். அந்தக் கொஞ்ச நேரத்தையும் பள்ளிக்கூடம் எடுத்துக்குது. பிள்ளை குனிஞ்சு எழுதுது, இவரு அதோட தலையைத்தான் பாக்கறாரு. அதனால வேணாங்கறாரு."

ரொட்டிக்கடைக்காரர், "நான் அதைச் சொல்லவே இல்லையே" என்றார். பிறகு, "ஆனா அதேதான்" என்றார். டீச்சர் எழுந்து நின்று கைதட்டினாள். எல்லாரும் தட்டினோம். அக்காவை ஒரு கூட்டம் பாராட்டியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். முகமெல்லாம் சிவந்து, உட்கார இடம் தெரியாமல் நின்றாள். வாயைத் திறக்காமல் வாழ்ந்தவள் சும்மா இருந்ததில்லை, அத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆனால் அவள் தன் பக்கத்தைச் சொல்வதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"உன் கட்சி என்னாச்சு? நீ வீட்டுப்பாடம் வேணும்னு பேச உக்காந்தவ."

"அவரு பக்கத்தைச் சொன்னதும் எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது."

"நல்லா இருக்கு போ. உன்னை வக்கீலா வெச்சா எதிர்க்கட்சிக்காரன் கோயில் கட்டிக் கும்பிடுவான்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மாப்பிள்ளை திரும்பி வந்தது அதற்கு அப்புறம். இரண்டாவது கல்யாணம் ஆகியிருந்தது. சொந்த வீடு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம், வீட்டோடு இருக்கிற மனைவி. குட்டியை அழைத்துப் போக வேண்டும் என்றார். கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அப்படிச் சொல்ல முடியாது. கையைப் பிசைந்துகொண்டு, நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, "தானாடாட்டாலும் தன் சதை ஆடும்பாங்க, எனக்கு ரொம்ப லேட்டா ஆடுது அண்ணி" என்று அவரே சொன்னாராம். அக்கா டீ போட்டுக் கொடுத்து, "பாக்கலாம் மாப்பிள்ளை" என்று அனுப்பிவிட்டாள். பாக்கலாம் என்றால் அவள் அகராதியில் சரி என்று அர்த்தம். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

மறுநாள் விரிப்பு மடிக்கும்போது அக்கா முனையைத் தவறவிட்டாள். அவள் தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை. விரிப்பு ஈரத்தரையில் விழுந்தது. அதை எடுக்காமல் என்னைப் பார்த்து, "குட்டியைக் குடுக்க மாட்டேன்" என்றாள். "எனக்குன்னு இது வேணும், அது வேணும்னு இதுவரைக்கும் நான் கேட்டதில்லடி. இது ஒண்ணு எனக்கு வேணும்." மெஷின் இரைச்சலில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.

விவகாரம் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போனது. ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து அறையைப் பார்த்தாள், குட்டியிடம் பேசினாள். மூன்று பேர் கொண்ட குழு இரண்டு தரப்பையும் கேட்டு முடிவு செய்யும் என்றாள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றும் கேட்டாள். நான் அக்காவின் முழங்கையை இடித்தேன். அவள், "வேணாங்க, நானே பேசிக்கிறேன்" என்றாள். அதிகாரி போனதும் நான் கத்தினேன். அவள் அமைதியாகச் சொன்னாள், "தங்கச்சி விஷயத்துல ஒருத்தனை நம்பினேன். குட்டி விஷயத்துல எவனையும் நம்ப மாட்டேன். இதுக்காகத்தானே படிச்சேன்." 

அந்த வாரமே சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். ராத்திரி ஷிப்ட் முடியாது, காலை ஷிப்ட் வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வீட்டில் இருக்கணும் என்றாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் எதையும் கேட்டதில்லையா, அவர் திகைப்பிலேயே சரி என்றுவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். இவளுக்கும் வாய் வந்துவிட்டது என்று கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

விரிப்பு மடித்துக்கொண்டே ஒத்திகை பார்த்தோம். நான்தான் மாப்பிள்ளை. கிட்டே வரும்போது நான் அவர் பக்கத்தைச் சொல்வேன், விலகும்போது அவள் அதைத் திருப்பிச் சொல்வாள், அடுத்த முறை கிட்டே வரும்போது நான் ஆமா என்பேன், பிறகு அவள் பக்கம். அவள் பக்கம் அருமையாக இருந்தது. "ராத்திரி முழிச்சா அவ பெரிம்மான்னுதான் கூப்பிடுவா. அந்த வீட்ல அவ யாரைக் கூப்பிடுவா? அப்பான்னு கூப்பிட்டே பழக்கம் இல்ல. ஜுரம் வந்தா அவ வாயைத் திறந்து சொல்ல மாட்டா, சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவா. அது எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரிய ஒரு வருஷம் ஆகும். இப்ப நான் காலை ஷிப்டுக்கு மாறிட்டேன். இனிமே அவ தனியா இருக்க மாட்டா." மெஷின் பக்கம் நின்றவர்கள்கூட வேலையை நிறுத்திக் கேட்டார்கள். ஒருத்தி மூக்கைத் துடைத்தாள்.

டீச்சரிடமும் சொன்னாள். டீச்சர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க தயாராத்தான் இருக்கீங்க. வகுப்புல பேசற மாதிரியே பேசுங்க. முதல்ல அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லுங்க. அப்பதான் நீங்க நியாயமானவங்கன்னு அவங்களுக்குப் புரியும்" என்றாள். நல்ல மனசோடு சொன்ன வார்த்தை. உலகத்தில் பாதிக் காரியம் நல்ல மனசோடு சொன்ன வார்த்தையால்தான் கெடுகிறது.

விசாரணை அறையில் நீளமான மேஜை. அதன் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவியம்மாவுக்கு ஜலதோஷம், கையில் கைக்குட்டையோடு இருந்தாள். ஒரு பக்கம் எழுதிக்கொள்கிற ஆள். இன்னொரு பக்கம் இருந்தவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. இந்தப் பக்கம் மாப்பிள்ளையும் அவர் மனைவியும், அந்தப் பக்கம் அக்கா தனியாக. நான் பின்னால் சுவரோரம். கூட வரலாம், பேசக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். குட்டியைப் பொம்மைகள் வைத்திருந்த வேறு அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அவளிடம் கேட்க வேண்டியதைத் தனியாகக் கேட்டுவிட்டார்கள் என்றார்கள்.

மாப்பிள்ளை முதலில் பேசினார். பேசினார் என்று சொல்வதே அதிகம். "நான் அப்பாங்க. வீடு இருக்குங்க. கூட்டிட்டுப் போகணும்" என்று மென்று முழுங்கினார். எழுதுகிறவருக்கு எழுத எதுவும் கிடைக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் தைரியம் வந்தது. தலைவியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

"இதுல உங்க அபிப்பிராயம் என்னம்மா?"

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பின்னாலிருந்தும் பார்த்தேன். வகுப்பில் கேட்கிற அதே கேள்வி. அவளுக்குத் தெரிந்த கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்தாள், மாப்பிள்ளை பக்கம் லேசாகத் திரும்பினாள், தொடங்கினாள்.

"அவரு குட்டியோட அப்பா. பெத்த அப்பா இருக்கும்போது பெரியம்மா எவ்வளவு பாத்தாலும் அது ரெண்டாவதுதான். பொண்டாட்டி செத்த துக்கத்துல இவருக்கு ஒண்ணும் ஓடல. குழந்தையைப் பாத்தா அவ முகம் தெரியும்னு பயந்துதான் வராம இருந்தாரு, பாசம் இல்லாம இல்ல. இப்ப வீடு இருக்கு, வீட்ல ஆள் இருக்கு. குட்டி என்கூட இருக்கற அறையில ஒரு ஜன்னல்தான். சுவர்ல ஈரம். அவளுக்கு இருமல் வருது. நான் ராத்திரி வேலைக்குப் போனா அவ தனியா சாப்பிட்டு, தனியா கதவைப் பூட்டிக்கிட்டுத் தூங்குவா. ஒருநாள் ஷிப்ட் நீண்டுபோய் பள்ளிக்கூட வாசல்ல அவளை ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டேன். மழை. பள்ளிக்கூடத்துல குடும்பப் படம் வரையச் சொன்னப்ப, என் பக்கத்துல ஒரு ஆளை வரைஞ்சு, முகம் போடாம விட்டா. அந்த முகம் இவருதான். அதைப் போட இவரு வந்திருக்காரு."

ஒரு பிழை இல்லை. எங்கேயும் தடுமாறவில்லை. அந்தப் பாஷையில் அவள் அவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எழுதுகிற ஆளின் கை ஓடிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் மனைவி கண்ணைத் துடைத்தாள். இனி அவள் முறைதானே, இனிதானே அந்தக் காலை ஷிப்ட், அந்த ஜுரம், அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பது எல்லாம் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா நிறுத்தினாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

 மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவியைப் பார்த்தார், தலைவியம்மாவைப் பார்த்தார், மறுபடி அக்காவைப் பார்த்தார். அக்கா அவருக்குத் தைரியம் சொல்வதுபோல லேசாகச் சிரித்தாள். அவர் குரல் உடைந்தது.

"ஆமாங்க. அண்ணி சொன்னதுதான்."

"ரொம்ப நல்லது" என்றாள் தலைவியம்மா. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். "நான் இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து இவ்வளவு பெருந்தன்மையா பேசினவங்களைப் பாத்ததில்லம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம்னா நாங்க முடிவு பண்ண என்ன இருக்கு? பொண்ணு இங்கயே இருக்கேன்னு சொல்லிச்சு. குழந்தைங்க பழகின இடத்தை விட்டு வர யோசிக்கும், அது சகஜம். பெரியவங்க ஒத்துப் போனா அதுவும் பழகிக்கும்." எழுதுகிறவரிடம் திரும்பி, "ரெண்டு தரப்பும் சம்மதம்" என்றாள். அவர் எழுதினார்.

அக்கா, "ஆனா" என்றாள்.

"கஷ்டமாத்தான் இருக்கும்" என்றாள் தலைவியம்மா. அதற்குள் எழுந்துவிட்டாள். வெளியே அடுத்த குடும்பம் காத்துக்கொண்டிருந்தது.

"எனக்கு அப்படித் தோணல" என்றாள் அக்கா. வகுப்பில் மறுத்துப் பேசக் கற்றுக்கொடுத்த வாக்கியம். சரியாகத்தான் சொன்னாள்.

தலைவியம்மா மேஜையைச் சுற்றி வந்து அவள் தோளைத் தட்டினாள். "போகப் போகத் தோணும்மா."

நான் எழுந்து எங்கள் பாஷையில் கத்தினேன், "சொல்லுடி! ஷிப்ட் மாத்தினதைச் சொல்லுடி!" என்று. வாசலில் நின்ற காவலாளி என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். அக்கா உள்ளே இன்னும் மாப்பிள்ளையைப் பார்த்தபடியே நின்றாள். இனி யார் முறை என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் டீச்சரும் எங்களோடு அந்த அலுவலகத்துக்கு வந்தாள். கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தாவிடம் மூச்சிறைக்க விளக்கினாள். அக்கா சம்மதிக்கவில்லை, அது பயிற்சி, எதிராளி பக்கத்தை முதலில் சொல்வது வகுப்பில் ஒரு விதி என்றாள். குமாஸ்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"வகுப்புல விளையாடற விளையாட்டை இவங்க எதுக்கு இங்க வந்து விளையாடினாங்க?"

டீச்சர் அழுதாள். அழுதபடியே நீங்கள் அப்படிக் கேட்பது தவறு என்றாள். அவர், "ஆட்சேபம் இருந்தா எழுதிக் குடுங்க. எடுத்துப் பாக்க மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் உத்தரவு உத்தரவுதான்" என்றார். எழுதிக் கொடுத்தோம்.

சலவைக்கூடத்தில் தெரியாமல் இருக்குமா? "சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டா" என்றாள் ஒருத்தி. தவளை தன் வாயால் கெடும் என்றாள், ஒத்திகையின்போது மூக்கைத் துடைத்தாளே, அதே புண்ணியவதி. நான் ஈர விரிப்பைச் சுருட்டி அவள் மேல் எறிந்தேன். ஒரு நாள் சம்பளம் போனது. போகட்டும். அன்றைக்கு யாரை அடித்திருந்தாலும் எனக்கு ஆறியிருக்காது. டீச்சரையா, தலைவியம்மாவையா, மாப்பிள்ளையையா? ஆளுக்கு ஆள் நல்லவர்களாக இருந்து தொலைத்தார்கள். ஒருவர்கூட அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை.

குட்டியை அனுப்பும் நாளன்று நானும் அக்காவின் அறைக்குப் போனேன். இரண்டு பெட்டி. ஒன்றில் துணி, ஒன்றில் புத்தகம். அக்கா இருமல் மருந்தை எந்த நேரம் கொடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை பெட்டிகளைக் கீழே கொண்டுபோய் காரில் வைத்தார். குட்டி அழவில்லை. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. படி இறங்கும்போது அக்கா அவள் கையைப் பிடிக்கப் போனாள், அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

காருக்கு முன்னால் வந்ததும் நின்றாள். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டாங்க பெரிம்மா. நான் உன்கூடதான் இருப்பேன்னு சொன்னேன். நீ என்ன சொன்ன?"

  நான் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்து வேண்டாம் என்றாள்.

"அப்பா சொல்ல வேண்டியதைச் சொன்னேன்டா."

"நீ சொல்ல வேண்டியது?"

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

குட்டி அதை யோசித்தாள். யோசிக்கும்போது புருவத்தைச் சுருக்குவது அவள் அம்மாவைப் போல என்று அக்கா சொல்வாள்.

"அப்ப நான் மட்டும்தானா சொன்னேன்?" என்றாள்.

 மாப்பிள்ளை பின்கதவைத் திறந்துகொண்டு நின்றார். குட்டி தானாகவே ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.